1603: ஃபார்மேட் போடாமல் தீர்த்த ஒரு நிறுவல் பிழை

வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருள் ஏறவில்லை என்று எந்தக் கடைக்கு எடுத்துப் போனாலும் முதலில் கிடைக்கும் பதில், "ஃபார்மேட் போட்டுரலாம்." பல நேரம் அதில் வேலை முடிந்தும் விடுகிறது. ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அதே காரணம் மறுபடி வந்தால் மறுபடியும் ஃபார்மேட்தான். மதுரை செல்லூரில் எனக்கு வேண்டிய ஓர் அக்கா வீட்டில் அப்படித்தான் ஆனது. ஃபார்மேட் போட்டு வாங்கி வந்த பிறகும் அதே மென்பொருள் அதே இடத்தில் நின்றது. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் பிழை போகவில்லை என்றால், காரணம் அந்த வீட்டிலேயே எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் போன வழியை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். தமிழில் பெயர் வைத்துக் கணினி பயன்படுத்துகிற எந்த வீட்டிலும் இந்தப் பிழை வரலாம்.

ஏற்ற வேண்டியிருந்தது ஒரு மொய்க் கணக்கு மென்பொருள். அக்கா குடும்பத்துக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் பக்கத்தில் மொய் வெறும் அன்பளிப்பு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுவிழா எதுவானாலும் மேசை போட்டு, இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், இவ்வளவு என்று எழுதுவார்கள். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டி, வந்ததற்குக் குறையாமல் கொஞ்சம் சேர்த்துச் செய்ய வேண்டும். பக்கம் கிடைக்காமல் குறைத்துச் செய்துவிட்டால் வருத்தம் வருஷக்கணக்கில் நிற்கும். இப்போது மண்டபங்களிலேயே கணினி வைத்து மொய் எழுதி, கையோடு ரசீதும் அடித்துக் கொடுக்கிறார்கள். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவு பெரிதில்லை. மாமியார் காலத்து நோட்டிலிருந்து இன்றுவரை உள்ளதை ஒரே இடத்தில் ஏற்றி, ஊர்ப் பெயரைத் தட்டினால் வீட்டுப் பெயர்கள் வர வேண்டும். ஆவணியில் அவர் தங்கை மகளுக்குக் காதணி விழா வேறு வருகிறது. அதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் அவசரம்.

வீட்டில் இருப்பது கடையில் அசெம்பிள் செய்த மேசைக் கணினி. விண்டோஸ் 10, 64 பிட், 4 ஜிபி ராம், பழைய வகைச் சுழலும் ஹார்ட் டிஸ்க். மென்பொருளை எழுதியவர் உள்ளூரிலேயே தனியாக இந்த வேலையைச் செய்கிறவர். பென்டிரைவில் செட்டப் கோப்பும் அதன் கூடவே ஓர் எம்எஸ்ஐ கோப்பும் (விண்டோஸ் இன்ஸ்டாலர் ஓட்டுகிற நிறுவல் கோப்பு) கொடுத்திருந்தார்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஏற்கெனவே இருந்த கணக்குகளைப் பென்டிரைவில் ஒரு படியும், அக்காவின் போனில் ஒரு படியும் எடுத்தேன். ஃபார்மேட்டுக்கு முன்னால் கடைக்காரர் டி டிரைவை விட்டுவைத்ததால் தப்பித்த கோப்புகள் அவை. அதில் பாதி, யூனிகோடுக்கு முந்தைய தாப் எழுத்துருவில் அடித்தது. வேறு எழுத்துருவில் திறந்தால் ஒன்றும் விளங்காது. இது பின்னால் ஒரு முடிவு எடுக்கும்போது முக்கியமாக வந்தது, அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

வழக்கமான சோதனைகளைச் சீக்கிரமே முடித்துவிடலாம். சி டிரைவில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. நிறுவும்போது கோப்புகள் முதலில் தற்காலிகக் கோப்புறையில் பிரியும், அப்புறம் எம்எஸ்ஐயின் ஒரு படி விண்டோஸ் கோப்புறைக்குள்ளும் தங்கும். ஆக மென்பொருளின் அளவைவிடக் கூடுதலாகவே இடம் கேட்கும். வேறு ஏதாவது நிறுவல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் 1618 என்ற எண் வரும். அதற்கு அந்த வேலை முடியும்வரை பொறுப்பது அல்லது கணினியை மறுதொடக்கம் செய்வது போதும். 2502, 2503 என்று வந்தால் பெரும்பாலும் தற்காலிகக் கோப்புறையின் அனுமதிச் சிக்கல். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து அங்கிருந்து எம்எஸ்ஐயை ஓட்டினால் பல நேரம் தீரும். இங்கே இவை எதுவும் இல்லை. பென்டிரைவிலிருந்து நேரே ஓட்டாமல், கோப்புகளை டி டிரைவில் ஒரு கோப்புறைக்குப் படியெடுத்துவிட்டுத் தொடங்கினேன்.

செட்டப்பை ஓட்டியதும் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 வேண்டும் என்றது. சின்ன அளவில் எழுதப்பட்ட நம் ஊர் மென்பொருள்கள் பலவற்றுக்கு இன்னமும் இதுதான் அடித்தளம். விண்டோஸ் 10-இல் 4-ஆம் வரிசை டாட்நெட் கூடவே வருகிறது. 3.5 அப்படி இல்லை, கேட்டால்தான் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். 4 இருப்பதால் 3.5 தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. 3.5-ஐப் போட்டால் 2.0, 3.0 இரண்டும் அதிலேயே அடங்கும்.

போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து 3.5-க்கு டிக் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, கோப்புகளை எடுக்க முடியவில்லை என்று நின்றது. பிரௌசரைத் திறந்தால் எந்தத் தளத்துக்குப் போனாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை. ஒரு தளத்தில் வந்தால் அந்தத் தளத்தைச் சந்தேகப்படலாம். எல்லாத் தளத்திலும் வந்தால் திரையின் வலதுகீழ் மூலையைத்தான் பார்க்க வேண்டும். தேதி 2015 ஜனவரி 1 என்று காட்டியது.

பாதுகாப்பான இணைப்புக்குத் தளங்கள் காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை என்று ஆயுள் உண்டு. கணினி 2015-இல் நின்றால் அதன் கண்ணில் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. பிரௌசர் மறுக்கிற அதே காரணத்துக்காக விண்டோஸும் தன் கோப்புகளை இறக்க மறுக்கிறது. தேதியைக் கையால் மாற்றி வைக்கலாம்தான். ஆனால் மறுநாள் காலையில் திரும்ப 2015 ஆகிவிடும் என்று அக்கா சொன்னார். "தெனமும் நான்தான் தம்பி மாத்தி விடுறேன், அது ஒரு வேலையாவே போச்சு."

மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு வட்ட பேட்டரி இருக்கும். எண் 2032, முன்னால் சிஆர் என்று இருக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது அதன் தடிமன், அதாவது 3.2 மில்லிமீட்டர். புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி கொஞ்சம் மின்சாரம் கொடுத்து உள்கடிகாரத்தை ஓட வைக்கும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் கடிகாரத்தின் முழுப் பொறுப்பும் இந்த பேட்டரிக்கு. அக்கா வீட்டில் ராத்திரி படுக்கும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பது பழக்கம். நல்ல பழக்கம்தான், அதை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் பிளக்கிலேயே கிடந்தபோது தேதி ஏன் சரியாக ஓடியது, வீட்டுக்கு வந்ததும் ஏன் பின்னால் போனது என்பதற்கு இதுதான் விளக்கம்.

பேட்டரியை எடுப்பதற்கு முன் பயாஸ் திரைகளை, அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரைகளை, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஹார்ட் டிஸ்க் இணைப்புக்கான சாட்டா பக்கம், ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா ஐடிஇ என்று இருக்கிறதா என்பது. பேட்டரியைக் கழற்றும்போது அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, அந்த ஒரு வரி மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாமல் நீலத் திரையில் நிற்கும். அப்போது வேறு ஏதோ பெரிதாகக் கெட்டுவிட்டது என்று பயந்து, இன்னொரு ஃபார்மேட்டுக்கு ஆள் ஓடுவார்கள். வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தேன். பேட்டரியின் ஓரத்திலிருந்த கொக்கியை நகத்தால் தள்ளியதும் அது தானாக மேலே எழும்பியது. மல்டிமீட்டரில் வைத்தால் 2 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. செந்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு யானைக்கல் பக்கம் ஒரு கைக்கடிகாரக் கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தான். செந்தில், அக்காவின் மகன், பிளஸ் ஒன் படிக்கிறான். கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்தி, பயாஸில் தேதி நேரம் சரிசெய்து, சாட்டா வரியைப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு விண்டோஸுக்குள் போனேன். 3.5 இந்தத் தடவை முணுமுணுக்காமல் இறங்கியது. இணையம் சரியில்லாத வீடாக இருந்தால், அதே பதிப்பு விண்டோஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பில் சோர்சஸ் என்ற கோப்புறைக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்தும் 3.5-ஐ ஏற்றலாம்.

இனிமேல் ஏறிவிடும் என்றுதான் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பச்சைக் கோடு முக்கால்வாசி தாண்டியது. அங்கே நின்று, அப்படியே பின்னோக்கி வழிந்து, கடைசியில் 1603 என்று வந்தது. ஃபார்மேட்டுக்கு முன்னாலும் வந்த எண் அதுதான் என்றான் செந்தில்.

1603 என்ற எண்ணைத் தேடினால் குவியல் குவியலாகத் தீர்வுகள் கிடைக்கும். ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய், ஆன்டிவைரஸை எடுத்துவிடு, கோப்புறை அனுமதியை மாற்று, இன்ஸ்டாலர் சேவையைத் திரும்பப் பதிவு செய். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்திருக்கலாம். ஆனால் 1603-க்கு அர்த்தம், நிறுவும்போது மீள முடியாத பிழை ஒன்று நடந்தது என்பது மட்டும்தான். டாக்டரிடம் போய் "உடம்புக்கு முடியலை" என்று சொல்வது மாதிரி. அதை வைத்து மருந்து கொடுக்க முடியாது. எங்கே முடியவில்லை என்பதை விண்டோஸ் இன்ஸ்டாலர் வேறு இடத்தில் எழுதி வைக்கும், கேட்டால் மட்டும். நிறுவல் பிழைகளில் எனக்கு உருப்படியாகக் கைகொடுத்த பழக்கம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பதிவை எழுத வைத்துப் படிப்பதைத்தான் சொல்வேன்.

எழுத வைப்பது இப்படி. கமாண்ட் பிராம்ப்ட்டை வலதுசொடுக்கி நிர்வாகியாகத் திறந்து, எம்எஸ்ஐஎக்ஸெக் என்று அடிக்க வேண்டும். ஓர் இடைவெளி விட்டு சாய்கோடும் ஐயும். அப்புறம் எம்எஸ்ஐ கோப்பு இருக்கும் முழுப் பாதை. அடுத்து சாய்கோடு, எல், நட்சத்திரக்குறி, வி நான்கையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து. கடைசியாகப் பதிவு எங்கே சேர வேண்டுமோ அந்தக் கோப்பின் பெயர், டி டிரைவில் லாக் டாட் டிஎக்ஸ்டி என்பது போல. பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். என்டர் தட்டினால் வழக்கம்போல நிறுவல் ஓடும், பிழை வரும். ஆனால் இப்போது கையில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும்.

அந்த வரிகளைக் கண்டு மலைக்க வேண்டாம். கடைசியிலிருந்து படிப்பதிலும் பயனில்லை. பிழை நடந்தவுடன் இன்ஸ்டாலர் அதுவரை செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கும், பச்சைக் கோடு பின்னால் போனது அதுதான். பதிவின் வால்பகுதி முழுக்க அந்தக் கதையாகவே இருக்கும். நோட்பேடில் திறந்து, உச்சியில் நின்று, ஆங்கிலத்தில் ரிட்டர்ன் வேல்யூ 3 என்று தேட வேண்டும். ஒரு படி வெற்றியாக முடிந்தால் 1 என்றும், ஆள் ரத்து செய்தால் 2 என்றும், தோற்றால் 3 என்றும் எழுதும். முதலில் வருகிற 3 எதுவோ அதுதான் நோய் தொடங்கிய இடம். அதற்கு மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளை நிதானமாகப் படித்தால் போதும்.

இங்கே அந்த வரிகளில் 1722 என்ற எண் இருந்தது. நிறுவலின் நடுவே கூப்பிடப்பட்ட ஒரு சிறு நிரல் ஒழுங்காக முடியவில்லை என்பது அதன் பொருள். எந்த நிரல் என்ற பெயரும் பக்கத்திலேயே இருந்தது. மொய்க் கணக்குக்கான வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கித் தருகிற நிரல் அது. பயனர் கோப்புறைக்குள் இருக்கும் தற்காலிகக் கோப்புறையில் மாதிரிக் கோப்பைப் பிரித்து, அங்கிருந்து உரிய இடத்துக்கு நகர்த்துவது அதன் வேலை. அந்த நிரலுக்குத் தனியாக ஒரு குறிப்புக் கோப்பு எழுதும் வழக்கமும் இருந்தது, அதை எழுதியவருக்கு நன்றி. திறந்தேன். இரண்டே வரி. கோப்பைக் காணோம் என்று ஒரு வரி. அது தேடிப்போன பாதை இன்னொரு வரி. சி டிரைவ், யூசர்ஸ், அதற்கு அடுத்து பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், எட்டு.

கோப்பின் பெயரிலோ கோப்புறையின் பெயரிலோ கேள்விக்குறி வரவே முடியாது, விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. ஆக எட்டுக் கேள்விக்குறியும் வேறு எதற்கோ பதிலாக வந்தவை. "செந்தில், உன் கணக்குக்கு என்னடா பேரு வச்ச?" என்று கேட்டேன். "என் பேருதான் மாமா. தமிழ்ல வச்சிருக்கேன். ஃபார்மேட் போட்டுக் குடுக்குறப்ப பேரு கேக்குற எடத்துல நிப்பாட்டிக் குடுத்தாங்க, நானே அடிச்சேன். முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சு."

செந்தில் என்று எழுதினால் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி: ச, எகரக் கொம்பு, ந, புள்ளி, த, இகரச் சுழி, ல, புள்ளி. யூனிகோடில் மெய்யும் உயிர்மெய்யும் இப்படித்தான் அடிப்படைக் குறியும் ஒட்டுக் குறியுமாகச் சேமிக்கப்படுகின்றன. எட்டுக் குறிக்கு எட்டுக் கேள்விக்குறி, கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. தேடி வந்தது இதுதான் என்று அப்போதே உறுதியாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் உள்ளுக்குள் யூனிகோடில்தான் பேசுகிறது. தமிழ் 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் பழைய நிரல்களுக்காக விண்டோஸ் இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலில் வருகிற நிரலுக்கு, அந்தக் கணினிக்கென்று அமைத்த குறிப்பக்கத்தில், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலில், உள்ள எழுத்துகளை மட்டுமே கொடுக்க முடியும். ஆங்கிலத்துக்கும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும் 1252, ரஷ்ய எழுத்துக்கு 1251, ஜப்பானிய மொழிக்கு 932 என்று பக்கங்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒரு பக்கம் விண்டோஸில் கிடையாது. டிஸ்கி, தாப், தாம் எல்லாம் நம் ஆட்கள் எழுத்துருக்களைக் கொண்டு உருவாக்கிக்கொண்ட ஏற்பாடுகள், விண்டோஸுக்கு அவற்றைத் தெரியாது. அதனால் ரஷ்யாவில் ஒருவர் தன் பெயரில் கணக்கு வைத்து இதே பழைய நிரலை ஓட்டினால், கணினியின் மொழி அமைப்பு சரியாக இருக்கும்வரை ஓடிவிடும். தமிழ்ப் பெயருக்கு அந்த வழியே இல்லை. பழைய வாசலில் வரும் நிரல் பயனர் கோப்புறையின் பெயரைக் கேட்டால், ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடும்.

காரணம் இதுதானா என்பதை முதலில் சோதித்தேன். சி டிரைவில் ஆங்கில எழுத்தில் டெம்ப் என்று ஒரு கோப்புறை உருவாக்கி, சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் என்விரான்மெண்ட் வேரியபிள்ஸ் திறந்து, பயனருக்கான டெம்ப், டிஎம்பி இரண்டையும் அந்தக் கோப்புறைக்குத் திருப்பினேன். வெளியேறி மறுபடி உள்ளே வந்து எம்எஸ்ஐயை ஓட்டினால் பச்சைக் கோடு கடைசிவரை போனது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

ஒரே ஒரு செட்டப்தான் நிற்கிறது, ஏறிய பிறகு மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே அது போதவில்லை. மென்பொருளைத் திறந்து இரண்டு பெயர் ஏற்றி, அச்சு முன்னோட்டம் கேட்டதும் மூடிக்கொண்டது. அறிக்கை தயாரிக்கிற பகுதி தன் கோப்பைப் பயனர் கோப்புறைக்குள் இருக்கும் ஆப்டேட்டாவில் எழுதப் பார்க்கிறது. அங்கேயும் அதே எட்டுக் கேள்விக்குறிதான்.

அடுத்து என்ன செய்யலாம் என்பதில் வழிகள் பல உண்டு. ரீஜன் அமைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பகுதிக்குள் போனால், யூடிஎஃப் 8-ஐ எல்லா மொழிக்கும் பயன்படுத்து என்று ஒரு பீட்டா தேர்வு இருக்கிறது. 2018-இல் வந்தது. அதைப் போட்டால் பழைய வாசல் நிரல்கள் பலவற்றுக்குத் தமிழ் ஒழுங்காகப் போய்ச் சேரும். புதுக் கணினியாக இருந்தால் முயன்று பார்க்கலாம். அக்கா வீட்டில் நான் அதைத் தொடவில்லை. தாப் எழுத்துருவில் அடித்த பழைய மொய்ப் பட்டியல்கள் 8 பிட்டின் மேல்பாதியில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தத் தேர்வைப் போட்டால் அவற்றைத் திறக்கிற பழைய நிரல் அந்த எழுத்துகளைத் தப்பாகப் படிக்கும். தாத்தா காலத்துக் கணக்கைக் கலைத்துவிட்டுப் புதுக் கணக்கு ஏற்றுவதில் அர்த்தமில்லை.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கிற ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல் லிஸ்ட் என்ற இடத்தில் கோப்புறைப் பாதையைத் திருத்தி, கோப்புறையின் பெயரையும் மாற்றுவது இன்னொரு வழி. இதைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். பழைய பாதையை நினைவில் வைத்திருக்கும் நிரல்கள் ஒவ்வொன்றும் அப்புறம் தடுமாறும், சில சமயம் விண்டோஸ் தற்காலிகக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக் கணினியில் இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன்.

கண்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரை மட்டும் மாற்றினால் என்ன என்று செந்தில் கேட்டான். பலரும் அதைத்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள், ஒன்றும் நடக்காது. பெயர் மாறும், யூசர்ஸுக்குள் இருக்கும் கோப்புறை அப்படியே இருக்கும். ஒரு கணக்கில் முதல்முறை உள்நுழையும்போது என்ன பெயர் இருந்ததோ அதே பெயரில் கோப்புறை உருவாகும், அதற்கப்புறம் அது மாறுவதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழைந்தால் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தில் கோப்புறை உருவாகும், பெயர் தமிழில் இருந்தாலும் இந்தச் சிக்கல் வராது.

அவன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "அப்ப தமிழ்ல பேரு வைக்கக் கூடாதா மாமா?" என்றான். கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கோப்புறை மாறாது என்ற அதே குணத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். முதலில் ஆங்கில எழுத்தில் கணக்கு, ஒரு தடவை உள்நுழைவு, அப்புறம் பெயரைத் தமிழுக்கு மாற்றுவது. கோப்புறை ஆங்கிலத்திலேயே தங்கிவிடும், திரையில் நிற்பது தமிழ்ப் பெயர்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், வேறொருவரைச் சேர் என்பதைத் தட்டினேன். மின்னஞ்சல் கேட்ட இடத்தில் இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்பதையும், அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர் என்பதையும் தேர்ந்தெடுத்தேன். பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். கணக்கின் வகையை நிர்வாகி என்று மாற்றிவிட்டு வெளியேறி, புதுக் கணக்கில் நுழைந்தேன். யூசர்ஸ் கோப்புறையைத் திறந்து புதுக் கோப்புறை ஆங்கில எழுத்தில் வந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் கண்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரை மாற்றும் இடத்தில் செந்திலே உட்கார்ந்து தமிழில் அடித்தான். பழைய கணக்கில் நிறுவியதை முறையாக நீக்கிவிட்டு, புதுக் கணக்கிலிருந்து மறுபடி ஏற்றினோம். டெம்ப் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. அச்சு முன்னோட்டம் திறந்தது, ரசீது தாளில் வந்தது.

பழைய கணக்கின் ஆவணங்கள், படங்கள், பிரௌசரில் சேமித்த முகவரிகள் எல்லாவற்றையும் புதுக் கணக்குக்கு மாற்றுவதில் மாலை போனது. அதைவிட நேரம் எடுத்தது, மொய் மென்பொருள் தரவுத்தளத்தை எங்கே வைத்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து அதைப் பென்டிரைவில் படியெடுக்கக் கற்றுக்கொடுத்தது. மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் பட்டன் இருந்தது. ஆனால் அது எடுக்கும் படியையும் அதே சி டிரைவில்தான் வைக்கிறது, ஹார்ட் டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். சேமிக்கும் இடத்தைப் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தேன். எடுத்த படியிலிருந்து திரும்ப ஏற்ற முடிகிறதா என்றும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டோம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, இந்தக் கணினி 11-க்குத் தகுதியும் பெறாது. அதனால் மொய்க் கணக்கு ஏற்றுகிற நேரத்தில் இணையத்தைத் துண்டித்து வைக்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மென்பொருளை எழுதியவருக்கு அன்றே போன் செய்தோம். பதிவின் அந்தப் பதினைந்து வரியையும், கேள்விக்குறி வந்த குறிப்புக் கோப்பையும் அனுப்பி வைத்தேன். "ஏறலைங்க" என்று மட்டும் கேட்டுப் பழகியவர், எந்த வரியில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னதில் சந்தோஷப்பட்டார். விண்டோஸில் கோப்புப் பாதை கேட்கிற ஒவ்வொரு அழைப்புக்கும் ஏ என்று முடிகிற பழைய வடிவமும் டபிள்யூ என்று முடிகிற யூனிகோடு வடிவமும் உண்டு. தரவுத்தளச் சிறு நிரலில் பழையதைக் கூப்பிட்டிருப்பதை அவரே தேடிப் பார்த்துச் சொன்னார். அறிக்கைப் பகுதியையும் பார்த்து, மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். சோதித்துப் பார்க்கத் தமிழ்ப் பெயர்க் கோப்புறை உள்ள கணினி ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டதால், செந்திலின் பழைய கணக்கை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். புதுப் பதிப்பு வந்தால் முதலில் அதில்தான் ஏற்றிப் பார்க்க வேண்டும்.